பத்து சிட்டிங் ஷாக்வேவுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 48, வீடு ஆதம்பாக்கம். வாரத்தில் ஐந்து நாள் பெசன்ட் நகர் கடற்கரையில் நடை. ஏழு மாதமாக வலது குதிகாலின் பின்பக்கம் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறதாம். ஒரு கிளினிக்கில் பத்து சிட்டிங் ஷாக்வேவ் பேக்கேஜ், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பத்துக்குக் கட்டாதீர்கள். மூன்றுக்குக் கட்டலாம், அதுவும் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகு. இந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எந்தத் தசைநாண், அதில் எந்த இடம், கூடவே என்ன பயிற்சி நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன். மூன்றில் ஒன்றை விட்டாலும் பணம் போனதுதான் மிச்சம்.

ஷாக் என்ற பெயரைக் கேட்டதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இதில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. போவது அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் மிஷின் இருக்கிறதே, அதன் வாரிசு இது. விமானம் செய்துகொண்டிருந்த டோர்னியர் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கிய கருவியால் 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் முதல் நோயாளிக்குக் கல் உடைத்தார்கள். அந்த அலை எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று விலங்குகளில் சோதித்தபோது, எலும்பு செல்கள் தூண்டப்படுவது தெரியவந்தது. அங்கிருந்து கூடாத எலும்பு முறிவுக்கும், 1990களில் தோள்பட்டை, குதிகால் வலிக்கும் வந்து சேர்ந்தது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ அமைப்பு 2000இல் நாள்பட்ட குதிகால் அடிப்பக்க வலிக்கு இதை அனுமதித்தது.

இப்போது மிஷின். கிளினிக்கில் ஷாக்வேவ் என்று சொல்லி வைத்திருப்பது இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். ரேடியல் என்பது ஒன்று. கம்ப்ரசர் காற்றை அடைத்துத் தள்ள, கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டு வேகமாக ஓடி முனையில் மோதும். அந்த இடி தோலில் இறங்கும். மெட்ரோ வேலையில் ரோடு உடைக்கும் டிரில்லின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்கும் விதம் ஏறக்குறைய அதுவேதான். இதன் சக்தி தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும்; மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இன்னொன்று ஃபோகஸ்டு. அலைகள் உள்ளே ஒரு புள்ளியில் போய்க் குவியும், தோலில் அடி குறைவு, ஆழம் அதிகம், விலையும் அதிகம். கறாராகப் பேசினால் உண்மையான ஷாக்வேவ் இது மட்டும்தான். ரேடியலில் அழுத்தம் ஏறும் வேகம் பல மடங்கு குறைவு. ஆனால் உங்களுக்குக் கவலை வேண்டாம். குதிகால் பின்பக்கத் தசைநாண் தோலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது, அதற்கு ரேடியலே போதும். ஆழத்தில் இருக்கும் தோள்பட்டைச் சுண்ணாம்புக் கட்டிக்குத்தான் ஃபோகஸ்டு தேவை.

தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. நம் ஊரில் இதையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நரம்பில் ஒன்றுமே இருக்காது. ஏழு மாத வலியில் அந்தக் கயிறு வீங்கிச் சிவந்து கிடப்பதில்லை. ஒழுங்காகப் பின்னியிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் கலைந்து, நடுவே நீர் கோத்து, இருக்கக் கூடாத சின்ன ரத்தக் குழாய்களும் அவற்றோடு வலி நரம்பு நுனிகளும் உள்ளே முளைத்திருக்கும். ஆறப் பார்த்து, பாதியில் விட்டுப்போன புண் மாதிரி. அதனால்தான் வீக்க மாத்திரை நாலு நாள் கேட்டு, அஞ்சாம் நாள் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது.

ஷாக்வேவ் இங்கே செய்வது இரண்டு. வலியைச் சொல்லும் நுண்ணிய நரம்பு நுனிகளை அளவுக்கு மேல் தூண்டிக் களைக்க வைக்கிறது. அது உடனடிப் பலன். இரண்டாவது, தசைநாண் செல்களை இடித்து எழுப்புகிறது. விலங்கு ஆய்வுகளில், இடி வாங்கிய இடத்தில் ரத்தக் குழாய் வளர்ச்சிக்கான புரதங்கள் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். மனிதத் தசைநாணில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: எலும்பு முள்ளை இது உடைக்காது. 'முள்ளைப் பொடியாக்கிவிடுவோம்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வலி போன பிறகும் எக்ஸ்ரேயில் முள் அப்படியே நிற்கும். வலியே இல்லாத ஏராளமானோர் காலிலும் அது இருக்கிறது.

பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து வலது கணுக்காலை இடது முழங்கால் மேல் போடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குதிகால் பின்னால் உள்ள கயிற்றைக் கிள்ளிப் பிடித்து, கெண்டைக்காலிலிருந்து கீழே ஒவ்வொரு சென்டிமீட்டராக இறங்குங்கள். எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டருக்குள், கயிறு தடித்து உருண்டையாகத் தட்டுப்படும் இடத்தில் சுரீர் என்றால் அது நடுப்பகுதிக் கோளாறு. கயிறு எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில், செருப்பு வார் உரசும் உயரத்தில் வலித்தால் அது ஒட்டுமிடக் கோளாறு. பின்னால் ஒன்றுமே இல்லாமல் பாதத்தின் அடியில், குதிகாலின் உள்பக்க ஓரத்தில் அழுத்தும்போது வலித்தால் இது தசைநாணே அல்ல, பாதத்தின் அடியில் ஓடும் பிளான்டர் ஃபேசியா என்ற பட்டை. முதல் அடி வலி மூன்றிலும் வரும் என்பதால் இந்தக் குழப்பம் சகஜம்.

இந்த இடப் பிரிவில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஆய்வு முடிவுகள் அதன்படிதான் பிரிகின்றன. ஜெர்மனியில் ரோம்ப் குழுவினர் செய்த மூன்று சோதனைகளைப் பாருங்கள். மூன்றிலும் ரேடியல் மிஷின், வாரம் ஒன்றாக மூன்று சிட்டிங். 2007இல், நடுப்பகுதி வலிக்குப் படிக்கட்டுப் பயிற்சி (படி ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது) செய்தவர்களில் 60 சதவீதம் பேரும் ஷாக்வேவ் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேரும் நான்கு மாதத்தில் நன்கு தேறினார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 24. அதாவது பயிற்சியும் மிஷினும் கிட்டத்தட்ட சமம். 2009இல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 82 சதவீதம், பயிற்சி மட்டும் என்றால் 56. ஒட்டுமிட வலிக்கு 2008இல் கதை வேறு: ஷாக்வேவுக்கு 64, படிக்கட்டுப் பயிற்சிக்கு வெறும் 28. ஒரு பிரிவுக்கு 25, 34 பேர் என்ற சிறிய சோதனைகள்தான், எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சிகிச்சையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்தச் சிகிச்சையில் பெரிய ஆபத்து இல்லை, பலனுக்கான சான்று சீராக இல்லை என்றே எழுதியிருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. முள் தெரிகிறது என்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஒட்டுமிடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே ஷாக்வேவுக்கு நியாயமான இடம் உண்டு.

வேறு தசைநாண்களுக்கு இதே அளவு நம்பிக்கை தர முடியாது. தோள்பட்டையில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதிக சக்தி ஃபோகஸ்டு அலை உதவுகிறது என்று 2003இல் ஒரு பெரிய ஜெர்மன் சோதனை காட்டியது. ஆனால் 32 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) அலசல், தோள்பட்டைத் தசைநாண் வலியில் மொத்தப் பலன் அற்பம்தான் என்றது. சுண்ணாம்பே இல்லாத தோளுக்கு யாராவது எழுதிக் கொடுத்தால் நான் தலையாட்ட மாட்டேன். துணி பிழிந்து, தேங்காய் துருவி வரும் முழங்கை வெளிப்பக்க வலிக்கும் காக்ரேன் 2005லேயே உதட்டைப் பிதுக்கிவிட்டது. வாலிபால், கூடைப்பந்து ஆடுகிறவர்களின் முழங்கால் சில்லுக்குக் கீழ்ப்பட்ட வலிக்கு, சீசன் நடக்கும்போதே ஷாக்வேவ் கொடுத்துப் பார்த்த டச்சு சோதனையில் போலிச் சிகிச்சைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. குதித்துக்கொண்டே இருந்தால் மிஷின் என்ன செய்யும்?

சிட்டிங் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், நடப்பது சரியா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். குப்புறப் படுக்க வைத்துப் பாதத்தைக் கட்டில் ஓரத்துக்கு வெளியே தொங்க விடுவார்கள். சிகிச்சை தருகிறவர் விரலால் அழுத்தி, எங்கே உச்சமாக வலிக்கிறது என்று உங்களிடம் கேட்டுப் பேனாவால் குறிக்க வேண்டும். வலிக்கும் இடத்தைக் கேட்காமல் மிஷினை எடுக்கிறவர் குத்துமதிப்பாக அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். பிறகு ஜெல், தாராளமாக. ஸ்கேனுக்குப் போடுகிற அதே ஜெல்தான். முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். பாதி சிட்டிங்கில் ஜெல் வழிந்து தீர்ந்தும் அடித்துக்கொண்டே இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். தோல் மட்டும் சிவக்கும், உள்ளே சரியாகப் போகாது.

ரேடியலில் முதல் இருநூறு முந்நூறு அடி 1.5 பார் (காற்றழுத்த அளவு) அழுத்தத்தில் தொடங்கி, பழகப் பழக 2, 2.5 என்று ஏற்றுவார்கள். மொத்தம் 2000 அடி, நொடிக்கு 8. கணக்குப் போட்டால் 250 நொடி, நாலு நிமிடம் சொச்சம். அரை மணி நேர சிட்டிங் என்று சொன்னால் மீதி நேரம் வேறு ஏதோ ஓடுகிறது. வலி பத்துக்கு ஐந்து, ஆறு வரை இருக்க வேண்டும். அந்த வலிதான் அடி சரியான இடத்தில் விழுகிறது என்பதற்கு வழிகாட்டி. ஒன்றுமே தெரியாத அளவுக்குக் குறைத்து வைப்பது கஸ்டமருக்கு இதமாக இருக்கலாம், தசைநாணுக்குப் பலன் சந்தேகம். எதிர் ஓரமும் தப்பு: மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு அடிப்பது. மரக்க வைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததாக இந்த விஷயத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கைப்பிடிக்குள் ஓடும் குண்டும் ரப்பர் வளையங்களும் தேயும் பொருள்கள். இத்தனை லட்சம் அடிக்கு ஒருமுறை மாற்று என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். மிஷின் திரையில் மொத்த அடி எண்ணிக்கை காட்டும். தேய்ந்த கைப்பிடி சத்தம் போடும், இடி இருக்காது. இரண்டு கம்பெனி மிஷின்களில் ஒரே 2 பார் ஒரே சக்தி ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேறு கிளினிக்கில் '4 பார் அடித்தோம்' என்று சொல்வதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

அன்று மாலை ஒரு சுகம் தெரியும். முன்பு சொன்ன நரம்பு களைப்பு அது, ஆறிய அறிகுறி இல்லை. பலர் அதை நம்பி மறுநாளே வேகநடை போட்டு, மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக நொண்டுவார்கள். இரண்டு நாள் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். வீட்டு நடமாட்டம் தாராளமாக. லேசான சிவப்பு, கன்றிப்போதல், இரண்டு நாள் கூடுதல் வலி எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறாக்களைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்க்கச் சொல்வது வழக்கம், காரணம் தூண்டிவிட்ட வேலையை அவை தணித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை. உண்மையான மாற்றம் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் தெரியும். மூன்று சிட்டிங் முடிந்த மறுவாரமே 'ஒண்ணும் வேலைக்கு ஆகலை' என்று இன்னும் ஏழுக்குப் பணம் கட்டுவதுதான் பேக்கேஜ் வியாபாரத்தின் சூட்சுமம்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. ஒட்டுமிட வலி என்றால் படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடக் கூடாது. அப்படி இறக்கும்போது கயிறு எலும்பின் மேல் நசுங்குகிறது. 2008 சோதனையில் பயிற்சி தோற்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தரையில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று நொடியில் எம்புங்கள், இரண்டு நொடி நில்லுங்கள், மூன்று நொடியில் தரை வரை மட்டும் இறங்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் இரண்டு காலிலும், பிறகு வலது காலில் மட்டும். அது சுலபமானதும் முதுகில் ஒரு பை மாட்டி ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற எண்ணிக்கையைப் பத்து, எட்டு என்று குறைக்கலாம். நடுப்பகுதி வலிக்காரர்களுக்கு அபார்ட்மென்ட் படிக்கட்டும் கைப்பிடியும் போதும்: முன்பாதம் மட்டும் படியில், நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலால் மெதுவாகப் படிக்குக் கீழே இறங்குவது; 15 தடவை மூன்று சுற்று, முழங்கால் நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, தினமும் இரு வேளை. நாளுக்கு 180 ஆகிறது. ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் சொன்ன கணக்கு இது. எல்லோராலும் 180 முடியாது. பாதி செய்தாலும் தொடர்ந்து செய்கிறவர்களே தேறுகிறார்கள்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு வலி பரவாயில்லை. அளவுகோல் மறுநாள் காலை முதல் அடி. அது வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் முந்தைய நாள் எடை அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் தினமும் காலை முதல் அடி வலி பத்துக்கு எத்தனை என்ற அந்த ஒரு எண்ணை எழுதி வையுங்கள். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல ரிப்போர்ட் இல்லை.

டைல்ஸ் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பதும் தட்டையான ஹவாய் செருப்பும் ஒட்டுமிட வலிக்கு எதிரிகள். வீட்டுக்குள் போட ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் குதி உயரம் உள்ள ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் அதே உயரத்தில் குதித் துண்டு, இரண்டு காலுக்கும்.

யார் எடுக்கக் கூடாது? அந்த இடத்தில் புற்றுநோயோ தொற்றோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டு மேல் அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஏற்றுவதே அது அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டும் காரியம், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டீராய்டின் குணம் இடுப்பு வெளிப்பக்கத் தசைநாண் வலியில் பளிச்சென்று தெரிந்தது: 2009இல் வந்த அதே ரோம்ப் குழுவின் ஆய்வில் ஒரு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 75 சதவீதம் பேர் நலம், ஷாக்வேவ் 13, வீட்டுப் பயிற்சி 7. பதினைந்தாவது மாதத்தில் ஊசி 48க்கு இறங்கிவிட, ஷாக்வேவ் 74, பயிற்சி 80.

சர்க்கரை உள்ளவர்கள், சென்னையில் 48 வயதில் அது அபூர்வமில்லை, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். வலி தெரியாத காலில் வலியை வழிகாட்டியாக வைத்து அடிக்கிற சிகிச்சையைச் செய்ய முடியாது. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பலவீனமாக்கி அறுக்கக்கூடியவை. இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பும் சேர்ந்து விறைத்திருந்தால், அல்லது தோலில் சோரியாசிஸ் இருந்தால், வாத மருத்துவரைப் பாருங்கள், அது மிஷினால் தீராது. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'டப்' என்று கேட்டு, அதன் பிறகு ஒற்றைக் காலில் எம்ப முடியவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம்.

நோயைச் சரியாகக் கணித்துச் சொல்ல மட்டும் என்றால் பெரிய செலவு தேவையில்லை, கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையில் இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் கேட்க வேண்டியவை: ரேடியலா ஃபோகஸ்டா, ஒரு சிட்டிங்குக்கு எத்தனை அடி, கடைசியாகக் கைப்பிடி எப்போது சர்வீஸ் ஆனது, மூன்று மட்டும் தனியாகக் கட்டலாமா. கடைசிக் கேள்விக்கு முடியாது என்றால் அடுத்த கிளினிக். பன்னிரண்டு வாரம் முடிந்தும் காலண்டர் எண் பாதிக்காவது இறங்கவில்லை என்றால் நாலாவது சிட்டிங்குக்குப் போகாமல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

நடையை நிறுத்த வேண்டாம். மணலில் மட்டும் இறங்காதீர்கள். குதிகால் புதைந்து கயிறு முழுசாக இழுபடும். சாலை ஓரத் தளத்திலேயே, இப்போதைய தூரத்தில் பாதி.